கல்லில் வெட்டி அழித்த வசனம்

கடலூர், புதுப்பாளையம்
18.8.2012

அன்பு மகள் மதிக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தர் காத்த அளவில் நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை செம்பியனும் பாப்பாவும் குவைத்தில் நோய் நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாரா வாரம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ அழுவாய், உன் குரலைக் கேட்டு நானும் அழுவேன், பக்கத்து நாற்காலியில் அப்பா பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார், பிறகு எதைப் பேச முடியும். அவர் மாத்திரை வாங்க மஞ்சக்குப்பம் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவள், நானே எழுதி வருஷக்கணக்காகிறது. எழுத்து முன்பு போல நேராக நிற்க மாட்டேன் என்கிறது, பொறுத்துக்கொண்டு படி.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தானே புயலில் பறந்துபோன பின்கட்டுக் கூரையை ஒருவழியாக மாற்றியாகிவிட்டது. பலாமரம் சாய்ந்த இடம் இன்னும் பள்ளமாகவே கிடக்கிறது, அங்கே ஒரு கன்று வைக்கலாம் என்றால் அப்பா, யார் பழம் சாப்பிடப் போறாங்க என்கிறார். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியவில்லை. கரண்ட் ஆபீஸில் உழைத்து ரிடையரான ஆள் வீட்டிலேயே இப்படியா என்று பக்கத்து வீட்டு ஞானாம்பாள் தினம் கேலி செய்கிறாள். முன்பெல்லாம் அவளுக்குச் சுடச்சுட ஒரு பதில் வைத்திருப்பார், இப்போது சிரித்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். சர்க்கரை கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, ஆனால் காலையில் நடக்கப் போவதை நிறுத்திவிட்டார். எனக்கு முட்டி வலி ஜாஸ்தி, அது பழைய கதைதான், விடு.

இனி எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அப்பாவைப் பேசிய பேச்சு எனக்கும் கேட்டது. அந்த கமிட்டிக்காரங்களுக்குப் பயந்துகிட்டு தம்பி கல்லறைக் கல்லுல ஒரு வசனம்கூட இல்லாம பண்ணிட்டீங்களே, உங்களுக்கு சபை பெருசா, எழிலன் பெருசா என்று கேட்டாய். அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டார். பிறகு என்னிடம் நீ, ஒரு வசனந்தானேம்மா, அது இல்லன்னா வேற ஒண்ணு போட்டுட்டுப் போறது, இதுக்கா ரெண்டு பேரும் இப்படி இருக்கீங்க என்றாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது மதி, தம்பியை மண்ணுக்குள் வைத்த பிறகு வந்து சேர்ந்தவள் நீ, கடைசியாக அவன் முகத்தைப் பார்க்காதவள், அந்தக் கல் ஒன்றுதான் உனக்கு அவன் முகம். ஆனால் நீ அப்பாவிடம் சொன்னதும் சரியில்லை, என்னிடம் சொன்னதும் சரியில்லை. நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படு.

அந்த வசனம் என்னுடையது. என் பிறந்த ஊர் பெண்ணாடம் பக்கம் என்பதும், நாங்கள் கத்தோலிக்கர்கள் என்பதும் உனக்குத் தெரியும். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய புதிதில், எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறவள் என்று சாமியார் என்னைத்தான் வாசகம் வாசிக்கக் கூப்பிடுவார். சாவு பூசைக்கு வாசிக்கிற பகுதி ஒன்று உண்டு. நல்லவர்கள் கடவுள் கைக்குள் இருக்கிறார்கள், இனி எந்த வேதனையும் அவர்களைத் தொடாது, அறியாதவர்கள்தான் அவர்கள் செத்துப்போனதாக நினைக்கிறார்கள், அவர்கள் அமைதியாக இருக்கிறார்கள் என்று வரும். கரும்பு வெட்டப் போய்ப் பாம்பு கடித்துச் செத்தவர்கள், பிரசவத்தில் போனவர்கள் என்று எத்தனையோ பெட்டிகளுக்கு முன்னால் நின்று வாசித்து வாசித்து அது என் வாயிலேயே ஊறிவிட்டது. கல்யாணம் ஆகி நான் உன் அப்பாவின் சபைக்கு வந்த பிறகு அந்தப் பெரிய வேதாகமத்தைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டேன். இங்கே இவர்கள் வேதத்தில் அறுபத்தாறு புத்தகம்தான், எங்களுடையதில் அதற்கு மேலும் சில உண்டு, அவற்றை இங்கே தள்ளுபடி ஆகமம் என்பார்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை, வாதமும் இல்லை. சமைத்துப் போட்டு, பள்ளிக்கூடம் போய் வந்து, உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தவளுக்கு அறுபத்தாறே அதிகம். ஆனால் அந்த நாலு வரி மட்டும் எந்தப் புத்தகம், எந்த அதிகாரம் என்ற நினைப்பே இல்லாமல் என்னோடு வந்துவிட்டது.

தம்பியை டயாலிசிஸுக்குச் சிதம்பரம் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் ஊசி போட நரம்பு கிடைக்காமல் கையெல்லாம் குத்திக்கொண்டிருந்தார்கள். அவன் வலி பொறுக்க முடியாமல், போதும்மா, வீட்டுக்குப் போலாம்மா என்று அழுதான், அத்தனை பெரிய ஆம்பிளை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, வாயில் அந்த வரிதான் வந்தது. செத்தவர்களுக்குச் சொல்வதை உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் சொல்கிறோமே என்று பாதியில் நிறுத்தினேன். அவன் விடவில்லை, மீதியும் சொல்லும்மா என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் படுக்கையில் படுத்ததும், அத சொல்லும்மா என்பான். எந்த வேதனையும் தொடாது என்கிற இடம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வான். அப்பா அந்த நேரங்களில் மருந்துக் கடையில் நிற்பார், இல்லையென்றால் ரத்தத்துக்கு அலைந்துகொண்டிருப்பார், அதனால் அவர் காதில் அது விழுந்ததில்லை. கடைசி நாளில்தான் விழுந்தது. நான் தலைமாட்டில் உட்கார்ந்து சொன்னேன், அவர் கால்மாட்டில் நின்று அவன் பாதம் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்தேன், அவர் ஆமென் என்றார், அவன் போய்விட்டான்.

அன்றிலிருந்து உன் அப்பாவைத் தாங்கி நிறுத்தியது அந்த வசனம்தான். ஏதோ ஒரு சங்கீதம் என்று நினைத்துக்கொண்டார். எத்தனை வருஷமாகச் சபையில் வேதபாடம் நடத்துகிற மனிதர், எப்படி அப்படி நினைத்தார் என்று நீ கேட்கலாம். பிள்ளையின் கால் சில்லிட்டுக்கொண்டே வரும்போது எந்தப் புத்தகம் என்று யார் யோசிப்பார்கள், சங்கீதம் போலத்தானே இருக்கிறது. பிறகு அதைத் தேடிப் பார்க்கவும் அவருக்குத் தோன்றவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், அவன் கர்த்தர் கையில இருக்கான், இனி வேதனை அவனைத் தொடாதுன்னு வசனம் இருக்கு என்று சொன்னார். அவர் வாயால் கேட்கக் கேட்க எனக்கும் அது புதிதாக இருந்தது. புத்தகப் பெயரை அவர் கேட்கவும் இல்லை, எனக்குச் சொல்ல வேண்டிய விஷயமாகவும் படவில்லை.

அப்புறம் புயல் வந்தது. கல்லறைத் தோட்டத்துத் தூங்குமூஞ்சி மரம் விழுந்து தம்பிக்கு நட்டிருந்த மரச்சிலுவை நொறுங்கிப்போனதையும், எது யாருடைய மேடு என்று தெரியாமல் ஆட்கள் நின்றதையும் அப்போதே சொன்னேன். இனி மரம் வேண்டாம், கல்லே வைத்துவிடலாம் என்று அப்பா சிதம்பரத்தில் கோவிந்தசாமி என்ற கல்தச்சரிடம் சொல்லிவிட்டு வந்தார். பெயர், பிறப்பு, இறப்பு, அதற்குக் கீழே அந்த வசனம். என்னிடம் ஒருமுறை சொல்லச் சொல்லி அவரே எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தார். நம் சபையில் ஒரு வழக்கம், கல்லில் எழுதுகிற வசனத்தை அதிகாரத்தோடும் எண்ணோடும் கமிட்டிக்குச் சொல்ல வேண்டும். முன்பு ஒரு குடும்பத்தார் சினிமாப் பாட்டு மாதிரி என்னவோ வெட்டி வைத்துவிட்டார்கள் என்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே உன் அப்பாதான். எண்ணைப் பார்க்கலாம் என்று சங்கீதத்தைப் புரட்டினார், இல்லை. ஏசாயாவில் தேடினார், நீதிமொழிகளில் தேடினார். எந்தச் சொல் வேதத்தில் எங்கே வருகிறது என்று காட்டுகிற ஒத்தவாக்கியப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வந்து, சவரி, அது எத்தனாவது சங்கீதம் என்று கேட்டார். சங்கீதம் இல்லைங்க, ஞானாகமம், எங்க வேதத்துல இருக்கு என்றேன். அவர் முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டும். என் மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு வருஷமா அவன் கர்த்தர் கையில இருக்கான்னு நெனச்சிட்டு இருந்தேனே, அப்ப அத எனக்கு யார் சொன்னது என்று கேட்டார். நான் கையிலிருந்த ஈரத்துணியை மறுபடியும் பிழிந்துகொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு வந்த புதன்கிழமை வேதபாடத்தில் ரோமர் நிருபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, வேதத்தில் எந்தெந்தப் புத்தகம் சேர்ந்தது, யார் சேர்த்தார்கள், யார் தள்ளினார்கள் என்று அதையே எடுத்துக்கொண்டார். வாரக்கணக்கில் நடந்தது. சபை ஆயரிடமிருந்து தடித் தடியாகப் புத்தகங்கள் வாங்கி வந்து பகலெல்லாம் படித்தார். யூதர்கள் எபிரெயத்தில் வைத்திருந்தது ஒரு கணக்கு, கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் வைத்திருந்தது வேறு கணக்கு, அப்போஸ்தலர்கள் கையாண்டது பெரும்பாலும் அந்தக் கிரேக்க வேதத்தைத்தான் என்று அவரே எடுத்துச் சொல்வார். நம் சபைக்குப் பெயர் தந்த அந்தச் சீர்திருத்தக்காரரே அந்தப் புத்தகங்களைத் தூக்கி எறியவில்லை, வேதத்துக்குச் சமம் இல்லை, படிக்க நல்லவை என்று சொல்லி நடுவில் தனியாக அச்சடித்து வைத்தார் என்று ஆயர் சொன்னார். யூதா தன் நிருபத்தில் ஏனோக்கு சொன்னதை எடுத்துச் சொல்கிறாரே, ஏனோக்கின் புத்தகம் நம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு வாலிபர் கேட்டார். அப்பா அதற்கும் பதில் வைத்திருந்தார். பவுல் கிரேக்கப் புலவர்களையும்தான் எடுத்துச் சொன்னார், எடுத்துச் சொன்னதாலேயே அது வேதமாகிவிடுமா என்றார். கொயர் பாட்டுக் குழு மாஸ்டர் வீட்டு ஜெயராணி, நல்ல வார்த்தைதானேங்க ஐயா, யாருக்கு என்ன நஷ்டம் என்றாள். அதற்கு அவர், நல்ல வார்த்தை ஊர்ல நெறைய இருக்கும்மா, நல்ல வார்த்தைக்கும் கர்த்தர் சொன்ன வார்த்தைக்கும் வித்தியாசம் இல்லன்னா நாம எதுக்கு இங்க உக்காந்திருக்கோம் என்றார். வெளியே இருந்து பார்த்தால் அவர் அந்தப் புத்தகங்களை அடித்துத் துரத்துகிற மாதிரிதான் தெரியும். எனக்குத் தெரியும், அவர் தோற்க ஆசைப்பட்டார். எதிர்ப்பக்கத்து நியாயத்தையெல்லாம் அவரே தேடிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாராவது எடுத்து என்னை மடக்குங்களேன் என்கிற மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். ரிப்போர்ட் வரும்போது தம்பி டாக்டர் முகத்தைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. யாராலும் மடக்க முடியவில்லை, எல்லாரும் அவரிடமே வேதம் படித்தவர்கள்.

கடைசியில் நான் பேசினேன். இத்தனை வருஷத்தில் வேதபாடத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. எழிலன் இத கேட்டுட்டுத்தான் கண்ண மூடுனான், எந்தப் புத்தகம்னு அவன் கேக்கல என்றேன். அப்பா வேதாகமத்தை மூடி வைத்துவிட்டு, அவனுக்குத் தேவப்படல சவரி, எனக்குத் தேவப்படுது, நான் இன்னும் இங்கதானே இருக்கேன் என்றார். ஆயர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, யோவான் பத்தாம் அதிகாரத்திலயும் அதேதான் ஐயா இருக்கு, என் கையிலிருந்து யாரும் பறிக்க மாட்டாங்கன்னு ஆண்டவரே சொல்றாரே, அத போடுவோம் என்றார். அது தெரியுமே, எத்தன சாவு வீட்டுல நானே சொல்லியிருக்கேன், ஆனா அன்னிக்கு என் காதுல விழுந்தது அது இல்லியே ஆயரே என்றார். நீ சொன்ன மாதிரி வேறு ஒன்று போட்டால் போச்சு என்று ஏன் ஆகவில்லை என்பது இப்போது புரிகிறதா. கமிட்டியைத் திட்டினாயே, அவர்கள் பாவம். ஐயாவுக்கே சட்டமா, எண் போடாம வரியை மட்டும் வச்சிக்குங்க, யாரும் கேக்க மாட்டோம் என்று ஒருவர் விடாமல் வீட்டுக்கே வந்து சொன்னார்கள். அவர்தான் கேட்கவில்லை. ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம், என் பிள்ளைக்கு ஒரு நியாயமா என்று முடித்துவிட்டார். தம்பி நினைவு நாளும் கல் இல்லாமலே போயிற்று.

கல்லைப் பார்க்கச் சிதம்பரம் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக்குப் போன அதே ரோடு. கோவிந்தசாமி எங்களுக்காகக் காத்திராமல் வசனத்தை வெட்டி முடித்திருந்தார், அத்தனை அழகான எழுத்து. அதை எடுத்துடுங்க என்று அப்பா சொன்னதும் அவர் பயந்துபோய், தப்பா வெட்டிட்டேனாங்க ஐயா என்றார். நீங்க சரியாத்தான் வெட்டியிருக்கீங்க என்றார் அப்பா. மிஷினை வைத்துத் தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு எழுத்தாகப் போயிற்று. நான் வெளியே வந்து வேலியோரம் உட்கார்ந்துகொண்டேன், அப்பா பக்கத்திலேயே நின்றார், கல்தூள் தலையிலும் சட்டையிலும் படிந்து வெள்ளையாகிவிட்டது, தட்டிக்கூட விடவில்லை. இப்போது தம்பியின் கல் நிற்கிறது, பெயரும் தேதியும் மட்டும். கீழே தேய்த்த இடம் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. அடுத்த தடவை வரும்போது பார்ப்பாய், பார்த்தால் ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் காபிகூட வேண்டாமென்று கட்டிலில் படுத்தார். நான் ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத சொல்லு என்றார். எழிலன் கேட்ட அதே மாதிரி. அதான் வேதத்துல இல்லேன்னு அழிச்சிட்டு வந்தோமே என்றேன். வேதமா சொல்லாத, நீயா சொல்லு, நீ சொன்னா போதும் என்றார். நான் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டார், முதுகு குலுங்கிற்று. அன்றிலிருந்து தினம் சாயங்காலம் சொல்கிறேன். வசனமும் இல்லை, ஜெபமும் இல்லை, வீட்டில் பேசுகிற பேச்சு மாதிரி. கேட்ட பிறகுதான் சாப்பிட எழுந்து வருகிறார். இந்த மனிதரையா நீ, சபை பெருசா எழிலன் பெருசா என்று கேட்டாய்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது முதலில் அப்பாவிடம் கொடு என்று சொல்லிப் பேசு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்குக் கூச்சமாக இருக்கும். கல்லைப் பற்றியும் பேசாதே. பாப்பா என்ன பேசுகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று சொல், அவளைப் போனில் பாடச் சொல். இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே, ஆஸ்பத்திரி நைட் டூட்டி முடிந்து வந்ததும் தூங்கு, துணி நாளைக்கும் துவைக்கலாம். மாப்பிள்ளையை வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது என்று நான் சொன்னதாகவே சொல்.

கர்த்தர் உங்கள் மூவரையும் வெயிலுக்கும் காற்றுக்கும் மறைத்து வைத்துக் காப்பாராக, உன் கைபட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து வீடு போகட்டும், பாப்பா தலைமுடி ஒன்றுகூட உதிராமல் வளரட்டும்.

மறக்காமல் ஒன்று செய் மதி. அவருக்கு நான் சொல்கிறேன், அவர் தேறிக்கொள்கிறார். சொல்லி முடித்துவிட்டு அடுப்படிக்கு வந்தால் எனக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. என் வாயால் நான் சொல்வது எனக்கே கேட்பதில்லை. அந்த வரிகளை மேலே எழுதியிருக்கிறேன், அப்பாவிடம் பேசி முடித்ததும் என்னிடம் கொடுக்கச் சொல்லி, எனக்கு ஒருமுறை நீ சொல்லு.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
சவரியம்மாள்